அக்கா வீட்டுக் கேமராவும் நான் திறந்த கதவும்

அக்கா கீழே விழுந்தது போன வருஷம் ஆவணி மாசம். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவள், நடையில் கால் இடறி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காலையில் பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சொல்லும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். எண்பத்தொரு வயசு. அத்தான் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது பட்டாபிராமில் கட்டிய வீடு அது. அவர் போன பிறகும் அதை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தனியாக இருக்கிறாள்.

அக்கா பையன் அமெரிக்காவில் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் அவன் தூங்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டான். "மாமா, அம்மா வீட்ல கேமரா வெச்சிடலாம். நான் இங்கேருந்து பார்த்துக்கறேன். நீங்க மட்டும் கொஞ்சம் கூட இருந்து செஞ்சு குடுங்க" என்றான். நான் அம்பத்தூரில் இருக்கிறேன். ரயிலேறினால் திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, இந்து கல்லூரி, அடுத்தது பட்டாபிராம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹாலில் ஒரு கேமரா, பின்கட்டில் ஒன்று. இரண்டையும் பதிவு செய்ய ஒரு டிவிஆர் பெட்டி. வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு இருந்தது. கேமரா கம்பெனியின் மொபைல் செயலி வழியாகவே வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அக்கா பையனுக்கு அது பிடிக்கவில்லை. "எங்க அம்மா நடமாடற படம் எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர் வழியா போகக் கூடாது மாமா. நேரா நம்ம வீட்லேருந்து எனக்கு வரணும். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை" என்றான். அந்த அஞ்சு நிமிஷ வேலை எனக்கு ஏழு வாரம் எடுத்தது.

என் வயசுக்காரர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் பராமரிப்புப் பிரிவில் இருந்த காலத்தில், தொழிற்சாலையின் டெலிபோன் போர்டும் என் பொறுப்பில்தான் இருந்தது. வெளியே போக நாலு லைன், உள்ளே அறுபது எக்ஸ்டென்ஷன். உள்ளேயிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே பேசலாம். எதிர்முனையில் இருப்பவர் பேசுவது சரியாக அந்த எக்ஸ்டென்ஷனுக்கே வந்து சேரும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் மணி அடிப்பது ஆபரேட்டரிடம்தான். "ஸ்டோர்ஸுக்கு வருகிற காலை 34-க்குக் கொடு" என்று அந்தம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தால் கொடுப்பார். சொல்லாவிட்டால் லைனை வைத்துவிடுவார்.

வீட்டு ரவுட்டர் அந்த ஆபரேட்டர்தான். வீட்டுக்கு வெளியே தெரிகிற ஐபி முகவரி ஒன்று. உள்ளே இருக்கும் போன், டிவி, டிவிஆர் ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. இந்த உள்முகவரிகளை யார் வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-லேயே விதி செய்துவிட்டார்கள். அதனால் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண் இருக்கும். வெளி உலகத்துக்கு அந்த எண்ணால் பிரயோஜனமில்லை. வெளியிலிருந்து கூப்பிடாமல் வருகிற எதையும் ரவுட்டரில் உள்ள ஃபயர்வால் தள்ளிவிடும். "8000 என்ற போர்ட்டைக் கேட்டு வருபவனை டிவிஆருக்கு அனுப்பு" என்று அதற்கு எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது கதவு எண் மாதிரி. ஒரு முகவரிக்கு 65,535 வரை எண்கள் உண்டு.

எழுதி வைத்தேன். சேமித்தேன். ஹாலில் உட்கார்ந்து என் போனில் வீட்டின் வெளிமுகவரியைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. எண்ணை மாற்றினேன், அழித்து மறுபடி எழுதினேன். ஒரு வாரம் போயிற்று. வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளிமுகவரியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் திருப்பி உள்ளே விடாது என்று அக்கா பையன் அப்புறம்தான் சொன்னான். தன் வீட்டு வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டு வெளிமணியை அடிக்கப் பார்ப்பது போல. "வெளியிலேருந்து பாருங்க மாமா" என்றான். நான் ரயிலேறி அம்பத்தூர் வந்து, என் வீட்டிலிருந்து பார்த்தேன். வரவில்லை. மறுநாள் போய் மாற்றிவிட்டு மறுபடி அம்பத்தூர் வந்து பார்த்தேன். பட்டாபிராமிலேயே போனின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தாலே அது வெளியிலிருந்து பார்ப்பதுதான் என்று இரண்டு ரயில் டிக்கெட்டுக்குப் பிறகுதான் உறைத்தது.

அடுத்தது மின்வெட்டு. ஐப்பசி மழையில் பட்டாபிராமில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் ரவுட்டர் எழுந்ததும் வீட்டிலுள்ள கருவிகளுக்குப் புதிதாக எண் கொடுக்கிறது. டிவிஆர் 7-ஆக இருந்தது 4-ஆகிவிட்டது. நான் எழுதி வைத்த விதியோ 7-க்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 7 இப்போது அக்காவின் போன்! டிவிஆருக்கு நிரந்தரமாக ஒரு எண்ணை ஒதுக்கி வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்படியும் வரவில்லை. ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று எனக்குச் சந்தேகம். அதை முழுசாக அணைத்துப் பார்த்தேன். வரவில்லை. ரவுட்டரில் டி.எம்.இசட் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு கருவியின் எண்ணைப் போட்டால், வெளியிலிருந்து எந்தக் கதவைக் கேட்டு வந்தாலும் அந்தக் கருவிக்கே அனுப்பிவிடும். அதையும் டிவிஆருக்குப் போட்டேன். அப்போதும் வரவில்லை. கோபத்தில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பழைய பராமரிப்புக்காரன் புத்தி, வயரைத் தொடர்ந்து போனால்தான் நம்பிக்கை வரும். அப்போதுதான் பார்த்தேன், வீட்டில் இரண்டு பெட்டி. இணைப்புக் கொடுத்தவர்கள் ஷூ ஸ்டாண்டுக்கு மேலே வைத்த ஃபைபர் பெட்டி ஒன்று. அக்கா பையன் வாங்கி அனுப்பிய ரவுட்டர் இன்னொன்று. முதல் பெட்டியும் ஒரு ரவுட்டர்தான். இரண்டு ஆபரேட்டர்கள். நான் உள்ளே இருக்கிற ஆபரேட்டரிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வாசலில் இருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது. இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால், "பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்கள். நாலாவது முறை ஒரு பையன் நேரில் வந்தான். நல்ல பையன். முதல் பெட்டியை வெறும் பாலமாக மாற்றிக் கொடுத்தான். இனி எல்லாம் நம் ரவுட்டர் கையில்.

அப்படியும் வரவில்லை! அந்தப் பையன்தான் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து காட்டினான். வெளிமுகவரி என்ற இடத்தில் 100.81 என்று தொடங்கும் எண். போனில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வேறு எண் வந்தது. "இதான் சார் விஷயம். உங்களுக்குன்னு தனி அட்ரஸே கிடையாது. தெருவுக்கே சேர்த்து ஒரு அட்ரஸ்தான்" என்றான்.

நான் தேடிப் படித்தேன். இப்போது பரவலாக உள்ள ஐபி முகவரி முறையில் மொத்தம் 429 கோடி எண்கள்தான் உண்டு. நம் நாட்டு ஜனத்தொகையே 140 கோடி. உலகத்துக்கு எப்படிப் போதும்? 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி, உலகக் கையிருப்பில் கடைசியாக இருந்த தொகுதிகளையும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நம்முடைய ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே வருஷம் ஏப்ரல் மாசமே கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் போட ஆரம்பித்துவிட்டது. அதனால் இணைப்புக் கொடுப்பவர்கள் ஒரு வெளிமுகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களை 2012-இல் ஒதுக்கி வைத்தார்கள். பழைய கணக்கில் சொன்னால், நம் டெலிபோன் போர்டே ஆவடியில் இருக்கிற பெரிய போர்டின் ஒரு எக்ஸ்டென்ஷன். நம் ஆபரேட்டரிடம் என்ன சொல்லி வைத்தாலும், வெளியிலிருந்து வரும் கால் பெரிய போர்டோடு நின்றுவிடும். பெரிய போர்டு நம் பேச்சைக் கேட்காது.

ஆக, ஐந்து வாரமாக நான் ஃபயர்வாலை வீணாகத் திட்டியிருக்கிறேன். கால் அதன் வாசல் வரைக்கும் வரவே இல்லை. உங்களில் யாராவது இந்த வேலையில் இறங்கினால், எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

மாசம் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் நிலையான தனி முகவரி தருவார்கள். அக்கா பையன் கட்டிவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முகவரி வந்தது. அவனுக்கு அது நடுராத்திரி. "மாமா! வந்துடுச்சு! அம்மா கீரை ஆயறாங்க!" என்று கத்தினான். அவன் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அக்காவிடம் போனைக் கொடுத்தேன். "என்னடா இன்னும் தூங்கலையா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டாள். அன்று பாயசம் வைத்தாள்.

திங்கட்கிழமை சும்மா டிவிஆரின் பதிவேட்டைத் திறந்தேன். எங்கள் தொழிற்சாலையில் லாக் புக் பார்க்காமல் ஷிஃப்ட் ஆரம்பிக்கக் கூடாது, அந்தப் பழக்கம்தான். உள்நுழைவு தோல்வி, உள்நுழைவு தோல்வி என்று வரி வரியாக இருந்தது. அட்மின், ரூட், யூசர் என்று பெயர் மாற்றி மாற்றி யாரோ முயன்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகவரி, ஒன்றும் எனக்குத் தெரிந்ததல்ல. ராத்திரி மூன்று மணிக்கு நிமிஷத்துக்கு நாலைந்து. நான் திறந்தது ஒரே ஒரு கதவு. இவர்கள் வேறு கதவு வழியாக அல்லவா வந்திருக்கிறார்கள்?

அப்போதுதான் டி.எம்.இசட் ஞாபகம் வந்தது.

கோபத்தில் போட்டுவிட்டுப் போன அந்த ஏற்பாடு அப்படியே இருந்தது. ஃபயர்வாலையும் நான் திரும்ப ஆன் செய்யவில்லை. பெரிய போர்டுக்குப் பின்னால் இருந்தவரைக்கும் அதனால் ஒரு கெடுதலும் தெரியவில்லை. எந்தப் போர்டு என் வேலையைத் தடுக்கிறது என்று ஐந்து வாரம் திட்டினேனோ, அதுதான் அந்த வீட்டைக் காத்தும் இருந்திருக்கிறது. அடைப்பு எங்கே என்று தேடுகிற அவசரத்தில் நான் திறந்துவிட்ட கதவுகள் எல்லாம், கடைசி அடைப்பு நீங்கிய அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றாகத் திறந்துகொண்டுவிட்டன.

யார் இவர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஆட்களே இல்லை. உலகத்தில் உள்ள எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிற இயந்திரங்கள். 2016-இல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் பரவியது. கேமரா, டிவிஆர், ரவுட்டர் போன்ற பெட்டிகளைத் தட்டி, தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்புகிற கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை மட்டும் போட்டுப் பார்க்கும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அதிலேயே லட்சக்கணக்கான பெட்டிகள் சிக்கின. அப்படிப் பிடித்த பெட்டிகளை ஏவி, அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. அந்த நிரலை உருவாக்கியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நிரல் மட்டும் பல உருவத்தில் இன்னும் சுற்றுகிறது.

எல்லாவற்றையும் உடனே மூடினேன். வந்த விதிகளையெல்லாம் அழித்தேன். டிவிஆரை முதலிலிருந்து அமைத்தேன். கடவுச்சொல்லை அக்கா பையன் முதலிலேயே மாற்றியிருந்ததால் யாரும் உள்ளே வந்ததாகப் பதிவேட்டில் அடையாளம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி கடைசிச் சில நூறு வரிகளைத்தான் வைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு முந்தையது எதுவும் இல்லை. வெள்ளியும் சனியும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

அந்த ஹாலில்தான் அக்காவின் கட்டில். முட்டி வலி வந்த பிறகு உள்ளறைக்குப் போவதில்லை. குளித்துவிட்டு வந்து புடவை கட்டுவதும் அங்கேதான். இது எனக்கும் தெரியும், அவள் பையனுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் எந்த மூலையில் வைத்தால் ஹால் முழுக்கத் தெரியும் என்று பார்த்தோமே தவிர, இதை ஒரு வார்த்தை யோசிக்கவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. மறுநாள் போய்ச் சொன்னேன். "அக்கா, ரெண்டு மூணு நாள் கதவு திறந்து கிடந்துச்சு. என் தப்புதான். யாராவது பார்த்தாங்களான்னு தெரியல. பார்த்திருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்." அவள் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்தாள். "சரி, விடு" என்றாள்.

அதன் பிறகு அக்கா பையனும் நானும் வேறு வழி செய்தோம். வயர்கார்ட் என்று ஒரு விபிஎன் முறை. 2020-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள், புது ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கிறது. டிவிஆருக்கு இப்போது வெளியே கதவே கிடையாது. ரவுட்டரில் ஒரே ஒரு வாசல். அவன் போனில் இருக்கிற சாவியின் முத்திரையோடு வந்தால் மட்டும் பதில் சொல்லும். மற்றவர்கள் தட்டினால், 'யாரு' என்றுகூடக் கேட்காது. அங்கே ஒரு வாசல் இருப்பதே தட்டுகிறவனுக்குத் தெரியாது. சாவியோடு வந்துவிட்டால் அவன் வீட்டுக்குள் இருப்பது போலத்தான், ஹாலில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி பார்க்கலாம். தனி முகவரி வாங்க முடியாதவர்களுக்கு, இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து வெளியே கிளம்பி நடுவில் சந்தித்துக்கொள்கிற விபிஎன் வகைகளும் உண்டு. எங்களுக்கு இது ஒரே மாலையில் முடிந்தது.

பத்து நாள் கழித்து, காலை ஏழு மணிக்குப் போன். "மாமா, படம் கருப்பா இருக்கு. கனெக்‌ஷன் இருக்கு, டைம் ஓடுது, ஆனா ஒண்ணும் தெரியல." அக்கா போனை எடுக்கவில்லையாம். எனக்குப் பகீரென்றது. முதலில் விபிஎன் வழியாக ரவுட்டரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. டிவிஆரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கேமரா வயர் போயிருக்கும் என்று நினைத்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். அண்ணனூர் தாண்டும்போது அக்காவே கூப்பிட்டாள், கோயிலுக்குப் போயிருந்தாளாம்.

வீட்டுக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தேன். கேமரா மேல் அத்தானுடைய ஈரிழைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றாள் அக்கா. "எம்புள்ள பார்க்கறது எனக்கு ஒண்ணும் இல்லடா. யாரு பார்த்தாங்கன்னு தெரியலைன்னு நீதானே சொன்னே. உனக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? துண்டு போட்டா எனக்குத் தெரியும்."

இப்போது எல்லாம் பத்திரமாக இருக்கிறது, சாவி, முத்திரை என்று விளக்கப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவள் சொன்னதில் எனக்குப் பதில் இல்லை. வீடு அவளுடையது. கதவைத் திறப்பதா, எந்தக் கதவு, யாருக்கு என்று நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் போனிலேயே பேசி முடித்துவிட்டோம். அவளைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

அன்று கேட்டேன். அரை மணி நேரத்தில் ஏற்பாடு முடிந்தது. ஹால் கேமரா இப்போது கட்டிலைப் பார்ப்பதில்லை. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்குமான நடையை மட்டும் பார்க்கிறது. அவள் விழுந்ததும் அங்கேதான். ராத்திரி படுக்கும்போது அவளே துண்டை எடுத்துவிடுவாள். காலையில் எழுந்ததும் போட்டுவிடுவாள். ஏழரை மணிக்குள் துண்டு விழவில்லையென்றால் மகன் கூப்பிடுவான், அவள் எடுக்கவில்லையென்றால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவான். பகலில் அவளுடைய யோகக்ஷேமம் தெரியவேண்டுமென்றால் கேமராவைப் பார்க்காமல் போன் செய்து பேசவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை அக்கா போட்டது. முன்பெல்லாம் ஞாயிறு ஞாயிறு பேசியவன் இப்போது தினமும் பேசுகிறான்.

மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போய் ரவுட்டரைத் திறந்து, திறந்த கதவுகளின் பட்டியலைப் பார்க்கிறேன். ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும். டி.எம்.இசட் காலியாக இருக்க வேண்டும். பார்த்துவிட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். துண்டை மட்டும் அக்கா வாரம் ஒரு முறை துவைத்து மாற்றுகிறாள்.